தேய்ந்த பட்டை பிரஷ்ஷில் எழுதிய தமிழை ஃபான்ட் ஆக்குகிறேன்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

கரிக்கோடு எழுதியது:

வணக்கம். என் சித்தப்பா திண்டுக்கல் பக்கம் முப்பது வருடத்துக்கும் மேலாகச் சுவர் விளம்பரமும் கடை போர்டும் எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை குறைந்துகொண்டே போய், இப்போது கோயில் திருவிழாவுக்கும் தேர்தல் நேரத்துச் சுவருக்கும்தான் கூப்பிடுகிறார்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெட்டியிலிருந்து இரண்டு அங்குலப் பட்டை பிரஷ் ஒன்றை எடுத்தார். மயிர் பாதி கொட்டி, ஓரம் தேய்ந்து கிடந்தது. அதைப் பவுடர் கலரில் தோய்த்துச் செய்தித்தாள் மேல் 'வருக' என்று ஒரே மூச்சில் எழுதினார். தொடங்கிய இடத்தில் கலர் கெட்டியாக, முடித்த இடத்தில் மயிர் மயிராகப் பிரிந்து தாள் தெரிய, கை எந்தப் பக்கம் திரும்பியது, எங்கே அழுத்தியது எல்லாம் எழுத்திலேயே நின்றது. இதை ஃபான்ட் ஆக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து எழுதினோம். 18 மெய்க்கும் அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஆறு வடிவம் வைத்தால் 108. உயிர் 12, ஆய்தம் 1, கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு நான்கு. ஆக 125. கிரந்தமும் எண்களும் குறிகளும் இன்னும் பாக்கி. ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அவுட்லைன் எடுத்து, ஃபான்ட் செய்யும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் ஏற்றியிருக்கிறேன். மெய்யெழுத்துகளை அவர் தனியாக எழுதித் தந்திருந்தாலும், நான் இப்போதைக்கு அகர எழுத்தின் மேல் ஒரே புள்ளியை ஒட்டித்தான் ஓட்டிப் பார்க்கிறேன்.

மாதிரிகளைப் படமாக இணைத்திருக்கிறேன். தட்டச்சு செய்து பார்த்தால் ஏதோ உயிர் போன மாதிரி இருக்கிறது. 'அப்பளம்' என்று அடித்தால் இரண்டு 'ப'வும் ஒரே கீறல், ஒரே பிசிறு. பார்த்தவுடனே கம்ப்யூட்டர் எழுத்து என்று தெரிந்துவிடுகிறது. இதை எப்படிச் சரி செய்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்த மாதிரி கரடுமுரடான எழுத்தை நீங்கள் எந்தெந்த வேலைக்கு எடுப்பீர்கள், எதற்கு எடுக்கவே மாட்டீர்கள்?

ஓரெழுத்து எழுதியது:

கரிக்கோடு, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'ழ'வின் அடிச்சுழிப்பு ஒன்றே போதும், இது செய்ய வேண்டிய வேலை.

உங்கள் முதல் கேள்விக்கு விடை தமிழிலேயே இருக்கிறது. தமிழில் ஒரே மெய் இரட்டித்து வந்தால் முதலாவது எப்போதும் புள்ளி வைத்ததுதான். அப்பளம், வெற்றி, பட்டம், மிச்சம், எதை எடுத்தாலும் அப்படித்தான். அதனால் 'ப'வின் மேல் புள்ளியை ஒட்டவைத்து 'ப்' ஆக்காதீர்கள். சித்தப்பா தனியாக எழுதிய 'ப்' வடிவத்தையே எடுங்கள். க் முதல் ன் வரை 18. அகர எழுத்தும் புள்ளியும் சேர்ந்தால் இந்தத் தனி கிளிஃப், அதாவது தனியாக வரைந்த எழுத்து வடிவம், வர வேண்டும் என்று ஃபான்ட்டுக்குள் ஒரு விதி எழுதிவிட்டால் பக்கத்துப் பக்கத்து இரட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். உகர வரிசை ஏற்கெனவே தனி வடிவம், ஆகவே 'க்கு', 'ட்டு', 'த்து' பற்றிக் கவலையே இல்லை. 'பட்டுக்கோட்டை' என்று அடித்துப் பாருங்கள், ட், டு, ட மூன்றும் மூன்று விதமாக வரும்.

ஆங்கில பிரஷ் ஃபான்ட்களில் 'ஓஓ', 'எல்எல்' மாதிரி இரட்டை எழுத்துகளுக்குத் தனி இணைப்பெழுத்து வரைந்து சமாளிப்பார்கள். நமக்கு அந்த வேலையில் பாதி மிச்சம்.

கரிக்கோடு எழுதியது:

இது எனக்குத் தோன்றவே இல்லை! நேற்று இரவே 18ஐயும் உள்ளே போட்டேன். 'வெற்றி' இப்போது கையால் எழுதியது போலவே இருக்கிறது. ஆனால் 'தாத்தா'வில் மாட்டிக்கொண்டேன். 'த்' தனியாக வந்தாலும் முதல் 'த'வும் மூன்றாவது 'த'வும் ஒன்று, இரண்டு காலும் ஒன்று. 'பாப்பா'வும் அப்படியே. கால் ரொம்ப மோசம். நேரான ஒற்றைக் கோடு என்பதால் அதிலுள்ள கீறல் உடனே கண்ணில் படுகிறது, ஒரு வரியில் ஐந்தாறு தடவை வேறு வருகிறது.

ஓரெழுத்து எழுதியது:

ஆமாம், காலுக்கும் கொம்புகளுக்கும் மட்டும் மூன்று மூன்று வடிவம் வேண்டும். க, த, ப, ட, ம, வ, ர இவற்றுக்கு இரண்டு இரண்டு. சூழலுக்கேற்ற மாற்று வடிவம் என்று இன்றைய ஃபான்ட் வகையான ஓப்பன்டைப்பில் ஒரு வசதி இருக்கிறது. முன்னால் அதே எழுத்தின் முதல் வடிவம் வந்திருந்தால் இப்போது இரண்டாவதைப் போடு என்று எழுதலாம். நடுவில் நான்கைந்து எழுத்து இருந்தாலும் பின்னோக்கிப் பார்க்கச் சொல்லலாம். பெரும்பாலான மென்பொருள்களில் இது தானாகவே வேலை செய்யும், பயனர் எதையும் அழுத்த வேண்டியதில்லை. கொம்பு முன்னால் நகர்ந்த பிறகுதான் இந்த விதி ஓடும் என்பதால் 'கொ', 'கோ'வை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

எல்லா எழுத்துக்கும் மூன்று வடிவம் வரையப் போகாதீர்கள். அடிக்கடி வருவதற்கு மட்டும் போதும். 'ங'வுக்கு எதற்கு?

மெய்ப்பு எழுதியது:

நான் பிழை திருத்துகிறவன், அழகு பற்றிப் பேசப் போவதில்லை. படிக்க முடிகிறதா என்பதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மாதிரியில் 'பணி' என்பதை 'பனி' என்று படித்தேன். பட்டை பிரஷ் அகலம் என்பதால் மூன்று சுழி 'ண'வில் நடுச்சுழி அடைத்துக்கொண்டு இரண்டு சுழியாகிவிட்டது. செய்தித்தாளில் பெரிதாக எழுதும்போது இடைவெளி தெரிந்திருக்கும், சின்னதாக்கியதும் மூடிக்கொண்டது. மணம், மனம். அணை, அனை. இதில் விட்டுக்கொடுக்க முடியாது. சித்தப்பாவை 'ண'வை மட்டும் கொஞ்சம் அகலமாக, உள்ளே வெளிச்சம் விட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். போர்டு எழுதுகிறவர்கள் பலர் சுழியை முழுதாக மூடாமல் கொக்கி மாதிரி விடுவதைப் பார்த்திருக்கிறேன். அது சோம்பல் இல்லை, இந்தக் காரணத்துக்காகத்தான்.

அடுத்தது 'ர'வும் காலும். 'ர'வின் அடியிலுள்ள சாய்ந்த கோடுதான் இரண்டையும் பிரிக்கிறது. உங்கள் 'ர'வில் அந்தக் கோடு விழும் நேரத்தில் பிரஷ் வற்றிப்போய்ப் பிசிறாகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் 'வரம்' என்பது 'வாம்' என்று தெரிகிறது. வேறு எந்த எழுத்திலும் முடிவு வறண்டால் அழகு, 'ர'வில் முடிவு வறண்டால் பிழை.

மூன்றாவதுதான் முக்கியம். எழுத்துக்கு மேலே தெளிப்புப் புள்ளிகள் விட்டிருக்கிறீர்கள், பெயின்ட் சிதறியது போல. ஆங்கில பிரஷ் ஃபான்ட்களில் அப்படி விடுவார்கள், அவர்களுக்கு 'ஐ', 'ஜே' இரண்டைத் தவிர மேலே புள்ளிக்கு வேலை கிடையாது. நமக்குப் புள்ளி என்பது எழுத்தையே மாற்றுவது. 'கல' மேல் ஒரு துளி விழுந்தால் 'கல்'. 'பல' மேல் விழுந்தால் 'பல்'. மேற்கோட்டுக்கு மேலே ஒரு துளியும் வேண்டாம். சிதறல் வேண்டுமானால் அடியில், வலப்பக்கம், பிரஷ் வெளியேறும் திசையில் விடுங்கள்.

சிவகாசி அச்சுக்காரன் எழுதியது:

மெய்ப்பு சொன்ன அந்தத் துளிகளை நான் வேறு காரணத்துக்காக எடுக்கச் சொல்வேன். இந்த மாதிரி ஃபான்ட் போட்டு ஃபைல் வரும்போதெல்லாம் எங்கள் கடையில் ஒரு மணி நேரம் போகும்.

ஸ்டிக்கர் கட்டிங் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் வெட்டும் மெஷினான பிளாட்டருக்கு அழகு தெரியாது, ஒவ்வொரு பிசிறையும் ஒவ்வொரு துளியையும் சுற்றிக் கத்தியால் வெட்டும். வெட்டிய பிறகு வேண்டாத வினைலைக் கையால் உரித்தெடுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் துணுக்குகளை எடுக்கப் போனால் எழுத்தே கூட வந்துவிடும். ஒரு தடவை ஒரு வேனின் இரண்டு பக்கத்துக்கும் இப்படி ஒரு எழுத்து போட்டு, கடைசியில் முழுதையும் கிழித்துப் போட்டுவிட்டு வெள்ளைத் தாளில் பிரின்ட் எடுத்து ஒட்டினோம். ஸ்கிரீன் பிரின்டிங்கிலும் இதேதான். டி-ஷர்ட்டுக்குப் போடும், மை இறங்கும் முரட்டு வலையான மெஷ்ஷில் மெல்லிய வெள்ளைக் கீறல் மையில் அடைத்துக்கொள்ளும், பிரஷ் தடம் இருந்த இடம் அழுக்குத் திட்டாகிவிடும்.

ஆகவே ஒரே ஃபான்ட்டை இரண்டாகத் தாருங்கள். ஒன்று முழு வறள் தடத்தோடு, போஸ்டருக்கும் புத்தக அட்டைக்கும் திரைக்கும். இன்னொன்று உள்கீறல்கள் எதுவும் இல்லாமல் வெளி ஓரம் மட்டும் முரடாக, கட்டிங்குக்கும் துணிக்கும். எழுத்தின் அகலம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் மாற்றிப் போட்டாலும் வரி நகராது.

இன்னொன்று, அவுட்லைனில் எத்தனை நோட், அதாவது கோட்டை வளைக்கும் புள்ளிகள், இருக்கிறது என்று பாருங்கள். ஸ்கேனைத் தானாக டிரேஸ் செய்தால் ஒரு எழுத்துக்கே ஆயிரக்கணக்கில் வந்துவிடும். பத்தடி ஃப்ளெக்ஸ் ஃபைலில் நான்கு வரி இருந்தால் மெஷின் மென்பொருள் அப்படியே நின்றுவிடும்.

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

எல்லோரும் நல்ல விஷயம்தான் சொல்கிறீர்கள், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. நானும் போர்டு எழுதுகிறவன்தான், இருபத்தைந்து வருடமாக. கம்ப்யூட்டர் எழுத்து வந்து எங்கள் வேலையை எடுத்துக்கொண்டது. இப்போது எங்கள் கையையும் எடுத்துக்கொள்ளப் போகிறது. ஒரு டீக்கடைக்காரர் 'கையால எழுதின மாதிரி வேணும்' என்று ஆசைப்பட்டால் இனிமேல் எங்களைக் கூப்பிட மாட்டார், இந்த ஃபான்ட்டை இறக்கி ஃப்ளெக்ஸ் அடித்துவிடுவார்.

வேலையைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். சுவரில் எழுதும்போது ஒரு தடவை தோய்த்தால் இரண்டு எழுத்து கெட்டியாக வரும், மூன்றாவதில் வற்றத் தொடங்கும், நான்காவதை இழுத்து முடித்துவிட்டுத் திரும்பத் தோய்ப்போம். பெயர் எங்கே வருகிறது, எங்கே கெட்டியாக விழ வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் தோய்ப்பது. உங்கள் ஃபான்ட்டில் ஒவ்வொரு எழுத்தும் தலையில் ஈரம், காலில் வறட்சி. ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியாகத் தோய்த்த மாதிரி. அப்படி எந்த ஆர்டிஸ்ட்டும் எழுத மாட்டான். எத்தனை வடிவம் மாற்றிப் போட்டாலும் அதனால்தான் பொய்யாகத் தெரியும்.

நீலமை எழுதியது:

சுண்ணாம்புச்சுவர் அண்ணே, உங்கள் பெயருக்கும் நீங்கள் சொன்னதற்கும் பொருத்தமாக ஒரு கதை இருக்கிறது. சீனத்தில் வறண்ட தூரிகை எழுத்துக்கு ஃபெய்பாய் என்று பெயர், 'பறக்கும் வெள்ளை' என்று அர்த்தம். கோட்டுக்கு நடுவே மை படாமல் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறதே, அது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ட்சாய் யோங் என்ற அறிஞர், ஹோங்டு வாசலில் வேலைக்காரர்கள் துடைப்பத்தால் சுண்ணாம்பு அடிப்பதைப் பார்த்துத்தான் அந்த எழுத்தைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். சுவருக்கு வெள்ளையடித்தவர்கள் கையிலிருந்து வந்தது என்று அவர்களே மரியாதையோடு சொல்லும் கலை.

ஜப்பானில் இதையே ஒரு வழக்கமாக்கிவிட்டார்கள். ஹிகெமொஜி என்றால் தாடி எழுத்து. பிரஷ் மயிர் பிரிந்து விழும் கீற்றுகளை ஏழு, ஐந்து, மூன்று என்று எண்ணி எழுதுவார்கள், அவை அங்கே மங்கல எண்கள். சாக்கே மதுப் புட்டிகளிலும், கோடையில் துருவிய ஐஸ் விற்கும் கடைக் கொடியில் சிவப்பாக இருக்கும் அந்த ஒற்றை எழுத்திலும் பார்க்கலாம். தற்செயலாக விழுந்த கீறலை வேண்டுமென்றே வைக்கும் வடிவமாக மாற்றியது அவர்கள் செய்த பெரிய காரியம். நம் ஃபான்ட்டிலும் கீறல்களை அப்படியே ஸ்கேன் செய்து நூறு துணுக்கு வைப்பதைவிட ஒரு கோட்டுக்கு மூன்று நான்கு நல்ல கீற்றாகத் தேர்ந்தெடுத்து வைக்கலாம். சிவகாசிக்காரர் சொன்ன நோட் பிரச்சினையும் அதிலேயே தீரும்.

கை வேகத்தை உலோக அச்சுக்குள் கொண்டுவந்த முன்னோடியும் உண்டு. பிரான்சில் மார்செய் நகரத்து ஒலிவ் அச்செழுத்து வார்ப்பகம் 1953ல் மிஸ்ட்ரால் என்ற எழுத்தை வெளியிட்டது. ரோஜே எக்ஸ்கோஃபோன் தன் சொந்தக் கையெழுத்தை வைத்து வரைந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஈயக்கட்டை, ஆனாலும் எதை எதனோடு சேர்த்தாலும் கோடு தொடர்ந்து ஓட வேண்டும். ஒவ்வொரு எழுத்தும் எந்த உயரத்தில் உள்ளே வந்து எந்த உயரத்தில் வெளியே போகிறது என்று பார்த்துப் பார்த்து அமைத்தார். 1955ல் ஷொக் என்று இன்னும் கனமான, பிரஷ்ஷை அழுத்தி எழுதிய எழுத்து ஒன்றும் செய்தார். இரண்டிலும் ஓரத்தில் ஒட்டவைத்த முரட்டுத்தனம் கிடையாது, கோடு திரும்பும் விதத்திலேயே கை தெரியும். 1942ல் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்மித் வரைந்த பிரஷ் ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அது வழவழவென்று ஒழுங்காக ஓடும். எனக்கு மிஸ்ட்ரால்தான் பிடிக்கும், அதில் அவசரம் இருக்கிறது.

தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல். ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் கோடு எல்லாப் பக்கமும் ஒரே கனம். எந்தக் கோடு தடிக்க வேண்டும், எது மெலிய வேண்டும் என்று தூரிகை வழியாக வந்த மரபு நமக்கு ஏட்டில் கிடையாது. அந்த மரபை உண்டாக்கியவர்கள் போர்டு எழுதியவர்களும் சினிமா பேனர் வரைந்தவர்களும்தான். அதனால் சித்தப்பாவின் கையில் எங்கே தடிக்கிறதோ அதை மாற்றாதீர்கள்.

கரிக்கோடு எழுதியது:

சுண்ணாம்புச்சுவர் அண்ணா, உங்கள் பதிவைச் சித்தப்பாவுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன். 'அவர் சொல்றது சரி, நான் சொல்ல நினைச்சதுதான்' என்றார். தோய்க்கும் கணக்கைப் பற்றி இத்தனை நாள் என்னிடம் அவர் சொல்லவே இல்லை, அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி என்பதால் சொல்லத் தோன்றவில்லையாம்.

இந்த வாரம் மறுபடியும் ஊருக்குப் போனேன். தாளை விட்டுவிட்டுச் சுவரிலேயே எழுதச் சொன்னேன். சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு, நீலம் தொட்ட நூலை இழுத்துப் பிடித்து மேலும் கீழும் இரண்டு கோடு அடித்துவிட்டு எழுதினார். எழுத்தின் உடம்பு அந்த இரண்டு கோட்டுக்குள் அடங்கும், இகரக் கொண்டையும் உகர வாலும் மட்டும் வெளியே போகும். சொரசொரப்பான சுவர் என்பதால் கீறல் வேறு மாதிரி வருகிறது. தாளில் நீளக்கோடாகப் பிரிந்தது, சுவரில் பொடிப் பொடியாக உடைகிறது. அதையெல்லாம் படம் எடுத்திருக்கிறேன்.

முடிவு இதுதான். ஈரம், வறள் என்று இரண்டு தொகுதி. சொல்லின் தொடக்கத்தில் ஈர எழுத்து இரண்டு, பிறகு வறள் இரண்டு, மறுபடி ஈரம் என்று சுற்றி வரும். ஓரெழுத்து சொன்ன அதே விதியை வடிவத்துக்குப் பதிலாக ஈரத்துக்கு வைத்துவிட்டேன். 'திருவிழா' என்று அடித்தால் 'திரு' கெட்டியாக வருகிறது, 'வி'யும் 'ழ'வும் வற்றி, கடைசிக் கால் மறுபடி தோய்த்து எழுதிய மாதிரி கெட்டியாக நிற்கிறது.

அவர் கைப்பழக்கத்தில் லை, ளை, னை, ணை நான்கும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, கொம்புக்குப் பதில் எழுத்தோடு சேர்ந்த தும்பிக்கை வடிவத்தில்தான் வருகின்றன, அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அப்படி எழுதியவராம். இயல்பாக இன்றைய வடிவம் வரும்படி வைத்து, பழையதைத் தனித் தொகுதியாக, வேண்டுகிறவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளும்படி போட்டிருக்கிறேன்.

நாடகக்காரி எழுதியது:

எங்கே பயன்படுத்துவது என்று கேட்டீர்கள், அதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. நான் எங்கள் நாடகக் குழுவுக்கு எட்டு வருடமாகப் போஸ்டர் செய்கிறேன்.

இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போகாதீர்கள். தலைப்பு மட்டும். நாள், இடம், நேரம் எல்லாம் சாதாரண, நேரான எழுத்தில் இருக்கட்டும். இரண்டும் கத்தினால் எதுவுமே கேட்காது. தமிழ்ச் சொற்கள் நீளம் வேறு, 'தொடக்கவிழாவுக்கு' என்று ஒரு சொல்லே போஸ்டர் அகலத்தைத் தின்றுவிடும். அப்போது எழுத்தைச் சுருக்கி நெரிக்காதீர்கள், நெரித்தால் பிரஷ் அகலம் மாறிப் போய்க் கை எழுதியதாகவே இருக்காது. சொல்லை மாற்றுங்கள், அல்லது இரண்டு வரியாக உடையுங்கள். உடைக்கும்போது வரி இடைவெளி தாராளமாக விடுங்கள். ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்தாகப் போட்டு வரிகளைச் செங்கல் மாதிரி அடுக்கலாம். நமக்கு மேல் வரியின் 'மு', 'ழு' வாலும் கீழ் வரியின் 'கீ', 'மீ' கொண்டையும் மோதும். மோதும் இடத்தைத் தேடி ஒரு எழுத்தை மட்டும் நகர்த்தி ஒன்றுக்குள் ஒன்று நுழைய விட்டால் பிரமாதமாக இருக்கும், ஆனால் அதைக் கையால்தான் செய்ய வேண்டும்.

நான் இதை எடுப்பது: தெருக்கூத்து, வீதி நாடகம், பறை நிகழ்ச்சி, சிறுகதைத் தொகுப்பின் அட்டை, ஆவணப்படத் தலைப்பு, கருப்பட்டி, செக்கு எண்ணெய், கடலை மிட்டாய் மாதிரி கையால் செய்த பொருளின் லேபிள். கடைசியில் சொன்னதற்கு ஒரு நிபந்தனை, பொருள் உண்மையிலேயே கையால் செய்ததாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் ஊற்றிய எண்ணெய்க்குக் கை எழுத்தைப் போட்டு விற்பது வாங்குகிறவரை ஏமாற்றுவது, எழுதியவரையும் அவமதிப்பது.

எடுக்க மாட்டேன் என்பது: மருந்து, மருத்துவமனை வழிகாட்டிப் பலகை, குழந்தைகள் எழுத்துப் பழகும் புத்தகம். கண்ணீர் அஞ்சலிக்கும் போட மாட்டேன். அடிதடிப் படத் தலைப்புக்கும் இதை ரத்தச் சிவப்பில் போடுவதை நிறுத்தினால் நல்லது. முரடான எழுத்து என்றாலே கோபம், அரிவாள் என்று பழக்கிவிட்டார்கள். சித்தப்பாவின் 'வருக'வில் கோபமா இருக்கிறது? அது கை விரித்துக் கூப்பிடுகிற எழுத்து.

சிவகாசி அச்சுக்காரன் எழுதியது:

கண்ணீர் அஞ்சலி பற்றி அக்காவிடம் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. எங்கள் ஊரில் ஒரு நாதஸ்வரக்காரர் இறந்தபோது அவர் பெயரை மட்டும் ஒருவர் கையால் பிரஷ்ஷில் எழுதித் தந்தார், அதை ஸ்கேன் செய்து கறுப்பு மையில் போட்டோம். அத்தனை அமைதியாக இருந்தது. எழுத்து முரடா இல்லையா என்பதைவிட எத்தனை பெரிதாக, எந்தக் கலரில் போடுகிறோம் என்பது பெரிய விஷயம். கறுப்பு, ஒரே சொல், சுற்றிலும் வெள்ளை. அவ்வளவுதான்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் போட்டால் மட்டும் கவனம். சுற்றியுள்ள மை பரவி மெல்லிய கீற்றுகளைத் தின்றுவிடும். ஈரத் தொகுதியை மட்டும் எடுங்கள்.

ஓரெழுத்து எழுதியது:

டிசைனர்களுக்கு ஒரு எச்சரிக்கை, ஃபான்ட் வெளிவந்த அன்றே இந்தப் புகார் வரும். ஃபோட்டோஷாப்பிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் இந்திய மொழிகளுக்கான வேர்ல்ட்-ரெடி அமைப்பு இயங்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், நம் மாற்று வடிவ விதிகளும் ஓடாது. நிறைய பேர் இதனால்தான் யூனிகோடு வேண்டாம் என்று இன்னும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி வகை ஃபான்ட்களிலேயே இருக்கிறார்கள். அந்தப் பழைய ஃபான்ட்களில் இந்த ஈரம், வறள் சுற்று எதுவும் கிடையாது. ஆகவே ஃபான்ட்டோடு ஒரு பக்கக் குறிப்பு வைத்து, அந்த அமைப்பை எங்கே மாற்றுவது என்று படத்தோடு காட்டுங்கள்.

உரிமம் பற்றி. கூகுள் ஃபான்ட்ஸில் தாரிக் அஸீஸ் செய்த கவிவனார் இருக்கிறது, சாய்வான கையெழுத்துப் பாணி, நல்ல எழுத்து. எக் டைப் குழுவின் பாலூ தம்பியும் இருக்கிறது, தடித்த உருண்டை எழுத்து. இவை திறந்த உரிமத்தில், யாரும் எந்த வேலைக்கும் இலவசமாக எடுக்கலாம். ஆனால் இரண்டும் தேய்ந்த பிரஷ் வகை கிடையாது, உங்களுக்கு அந்த இடம் காலியாக இருக்கிறது. திறந்த உரிமத்தில் விட்டால் எங்கும் பரவும், சித்தப்பாவுக்குப் பணம் வராது. விற்றால் கொஞ்சம் வரும், பரவல் குறையும். டெல்லியில் ஹனிஃப் குரேஷி தொடங்கிய ஹேண்ட்பெயின்டட் டைப் முயற்சியில் தெரு ஓவியர்களின் எழுத்தை ஃபான்ட் ஆக்கி, ஓவியர் பெயரையே ஃபான்ட்டுக்கு வைத்து, விற்ற பணத்தில் அவர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். குரேஷி 2024 செப்டம்பரில் மறைந்துவிட்டார், ஆனால் அந்த வழி நமக்கு இருக்கிறது.

சுண்ணாம்புச்சுவர் எழுதியது:

தம்பி சொன்ன அந்த டெல்லி விஷயம் எனக்குப் புதிது. பெயரை வைத்தது பெரிய காரியம். நாங்கள் எழுதும் சுவரில் மூலையில் சின்னதாக எங்கள் பெயரும் ஊரும் போடுவோம். அது கையெழுத்து மட்டும் இல்லை, அடுத்த வேலை வருவதற்கான விலாசமும் அதுதான். ஃபான்ட்டில் அந்த மூலைக்கு ஒரு இடம் கொடுங்கள். யாராவது பெரிய சுவர், பெரிய போர்டு வேண்டும் என்று வந்தால் நேரில் எழுதுவார் என்று ஃபான்ட்டை இறக்கும் பக்கத்திலேயே போடுங்கள். அப்படியானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

'ஞ'வை இன்னும் ஒரு தடவை எழுதச் சொல்லுங்கள். நடுவில் கை தூக்கியிருக்கிறார், பிரஷ்ஷைத் திருப்பிப் பிடித்தால் ஒரே இழுப்பில் வரும்.

கரிக்கோடு எழுதியது:

அண்ணா, சொன்னேன். திருப்பிப் பிடித்து எழுதிப் பார்த்தார், வந்துவிட்டது. 'யார் அந்த ஆளு, எந்த ஊரு' என்று கேட்டார், உங்கள் ஊரைத் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? பேச வேண்டும் என்கிறார்.

இந்த வாரத்து நிலவரம். 'ண' அகலமாக்கியாகிவிட்டது, பக்கத்தில் வைத்தாலும் எதிர்ச்சுவரில் ஒட்டினாலும் மூன்று சுழி தெரிகிறது. 'ர'வுக்கு வறள் வடிவம் கிடையாது, எப்போதும் ஈரம்தான். மேலே இருந்த துளிகள் அத்தனையும் போய்விட்டன. கட்டிங்குக்கான இரண்டாவது ஃபான்ட்டில் 'ண'வின் நோட் எண்ணிக்கை 1,900லிருந்து 140க்கு வந்திருக்கிறது. சிவகாசி அண்ணா, சோதனை ஃபைல் அனுப்புகிறேன், ஒரு முறை பிளாட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

விற்பதா, திறந்து விடுவதா என்பதைச் சித்தப்பாவிடமே கேட்டேன். கட்டிங் ஃபான்ட்டை எல்லோருக்கும் விடு, வறள் தடம் இருப்பதை விலைக்கு வை என்றார். பெயர் அவர் பெயர்தான்.

மெய்ப்பு எழுதியது:

புதிய மாதிரியில் 'பணி', 'பனி', 'வரம்' மூன்றும் சரி. எண்களை மறந்துவிடாதீர்கள், டீக்கடை விலைப்பலகையில் எழுத்தைவிட எண்தான் அதிகம். 1ஐயும் 7ஐயும் ஒன்றாகத் தெரியாமல் எழுதச் சொல்லுங்கள். 'ரூ' ஊகார வரிசையிலேயே இருக்கிறது, ஆனால் விலைப்பலகையில் அது எண்ணை ஒட்டித்தான் நிற்கும். அந்த 'ரூ.'வைப் புள்ளியோடு சேர்த்துக் கொஞ்சம் சின்னதாக ஒரே இழுப்பில் தனியாக எழுதி வாங்குங்கள்.